பதினொரு மணிக்குப் போன் செய்யாதே

என் சின்ன மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல இன்னொருவர் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும், மாடியில் உன் அக்காவும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று எல்லாரும் கடிதத்தின் முதல் வரியில் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. நீ சுகமா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தக் கடிதமே.

தினமும் போனில் பேசுகிற பெண்ணுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேசையில் வைத்துவிடுகிறாள், நான் ஒன்று கேட்டால் நீ பதில் சொல்வதற்குள் அவள் பதில் சொல்கிறாள். வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்றால் உன் அக்காதான் எழுத வேண்டும், அவள் உன் கட்சி, நான் சொல்வது ஒன்றும் அவள் எழுதுவது வேறொன்றுமாக இருக்கும். அதனால் மார்க்கெட் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறதே ஒரு அம்மா, எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்குமே, அதனிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் பத்து வரிக்கு ஒரு தடவை திரும்பப் படித்துக் காட்டச் சொல்கிறேன். இப்போது படித்தபோது உன் அக்காவைப் பற்றிச் சொன்னதில் பாதியை விட்டுவிட்டிருந்தது, நான் கண்டுபிடித்துச் சேர்க்கச் சொன்னேன். ஐயா, உங்களுக்கு எழுதித் தர்றதுக்குக் கோர்ட்ல சாட்சி சொல்லிட்டுப் போயிடலாம் என்று சலித்துக்கொள்கிறது. சலித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தாளின் கீழேயும் என் கைரேகை இருக்கும், ரேகை இல்லாத தாள் வந்தால் அது நான் சொன்னது இல்லை என்று வைத்துக்கொள்.

வீட்டுச் சமாச்சாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. புதிதாக வந்திருக்கிற டாக்டர் வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சள் மாத்திரை கொடுத்திருக்கிறார், கேட்டால் ரெண்டும் ஒரே மருந்துதான் பெரியவரே என்கிறார். ஒரே மருந்து என்றால் எதற்கு நிறத்தை மாற்ற வேண்டும், நான் பழைய அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன். குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவன் அரைமணி நேரம் உள்ளே இருந்துவிட்டுச் சரியாப் போச்சு என்றான், அவன் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி சொட்டியது. உங்களுக்குச் சந்தேகப்படறதைத் தவிர வேற வேலையே இல்லையா என்று உன் அம்மா கேட்கிறாள். பாய்லர் பக்கத்தில் இருபத்தொன்பது வருஷம் நின்றவனுக்கு அதுதான் வேலை. அழுத்தம் காட்டுகிற மீட்டரில் ஊசி சரியாகக் காட்டினாலும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத்தான் நம்புவோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னை ரயில் ஏற்றிவிட வந்தபோது, என்ன வேலை வேண்டுமானாலும் செய், ராத்திரி ஷிப்ட் மட்டும் போகாதே என்று சொன்னேன். சரிப்பா என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அன்றிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்கு, டீக்கு விடுகிற நேரத்தில், குளிர்க் கிடங்கு வாசலில் நின்றுகொண்டு போன் செய்வாய். ஆரம்பத்தில் உன் குரலுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வரும்போது கத்துகிற சத்தம் கேட்கும், யாராவது சிரிப்பார்கள், பெரிய இரும்புக் கதவு ஓடுகிற சத்தம் கேட்கும். சில சமயம் அப்பா இருங்க என்று சொல்லிவிட்டு யாரையோ திட்டுவாய். ஐந்து மாதமாக ஒரு சத்தமும் இல்லை. பதினொரு மணி மட்டும் தவறுவதில்லை, ஆனால் பின்னால் ஒரு மின்விசிறி மட்டும் ஓடுகிறது. கிடங்கு குளிர்க் கிடங்கு, அங்கே எதற்கு மின்விசிறி?

இதை நான் முதலில் வெளியே சொல்லவில்லை, கவனித்துக்கொண்டே இருந்தேன். நீ ஹலோ சொல்வதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறாய். காலையில் எழுந்து நாலு பேரோடு பேசிவிட்டு வந்தவளுக்குக் குரல் வழுக்கிக்கொண்டு வரும், உன் குரல் பாயிலிருந்து எழுந்து வருகிற குரல். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ராத்திரி சாப்பிட்டுட்டீங்களாப்பா என்று கேட்டாய். அதற்கு இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, முந்தின நாள் நடந்ததை இன்னைக்கு என்று சொன்னாய். உன் அம்மா முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சியதால் ஒரு நாள் காட்டினாய், பட்டப்பகலில் உன் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது, பின்னால் ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கேட்டதற்குக் கண்ணாடி உடைஞ்சிடுச்சு என்றாய். உடைந்த கண்ணாடிக்கு நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுகிறவள் நீ இல்லை, உன் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட லட்சணம் எனக்குத் தெரியும்.

பிறகு நானே ஒரு பொறி வைத்தேன். உங்கள் ஊரில் காலை ஒன்பது மணியிலிருந்து கொட்டுகிற மழையில் சாலையெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று டிவியில் காட்டினார்கள். அன்றைக்கு நீ போன் செய்தபோது ஒன்றும் தெரியாதவன் மாதிரி அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன். கொளுத்துதுப்பா, தாங்க முடியலை என்றாய். உன் அம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அன்று ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. வேலை போய்விட்டதோ, போய்விட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு அறைக்குள் அடைந்து கிடக்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் இது வேலை விஷயம் இல்லை, உனக்கு உடம்பு சரியில்லை, ஏதோ ஆஸ்பத்திரி அறையிலிருந்து பேசுகிறாய் என்று நினைத்தேன். உன் அக்காவை ஜாடையாகக் கேட்டேன். அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா என்று என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தாள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு உன் அம்மா உனக்குப் போன் போடப் போனபோது, இப்ப வேண்டாம்மா, இப்பத்தான்… என்று ஆரம்பித்துவிட்டு, பிஸியா இருப்பா என்று முடித்தாள். அந்த இப்பத்தான் என்ற வார்த்தைக்குப் பின்னால் எது வரவேண்டும் என்று மூன்று நாள் யோசித்தேன்.

நாலாவது நாள், இதே கடைக்கு வந்து, இந்த அம்மாவின் போனிலிருந்து, அதே மூன்று மணிக்கு உனக்கு நானே போன் போட்டேன். எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும், உன் நம்பர் மனப்பாடம். ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாய். யாரு என்றுகூடக் கேட்கவில்லை. பத்தாவது வரிசை ஏத்திட்டேன் சார், மேல் தட்டு ஏத்திட்டேன் என்று சொன்னாய். கண் திறக்காமல் சொல்கிற குரல். நான் வைத்துவிட்டேன். உங்களைத்தான் ஏமாத்திட்டாளே, ரெண்டு வார்த்தை கேக்கறதுதானே என்று இந்த அம்மா கேட்டது. உன் சூப்பர்வைசர் என்று நினைத்துத் தூக்கத்திலேயே எனக்குக் கணக்குச் சொன்னவளிடம் என்ன கேட்பது? உன் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை அன்றைக்கு நான் கெடுத்துவிட்டேன், அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆக நீ ராத்திரி ஷிப்டில் இருக்கிறாய். உன் அக்காவுக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரியும், இந்த ஜெராக்ஸ் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, உன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் நீ பேசும்போது உம் உம் என்றேனே, அது அந்தக் கோபம்தான். பிறகு ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பத்துக்கு ஏறினால் காலை ஆறுக்கு இறங்குவாய். அறைக்கு வந்து குளித்துப் படுக்க எட்டு மணி ஆகும். எட்டு மணிக்குப் படுத்தவள் பதினொரு மணிக்கு எப்படிப் போன் செய்கிறாள்? அலாரம் வைத்து எழுந்து செய்கிறாள். பகல் ஷிப்டில் டீ நேரத்துக்குச் செய்த போன், அந்த நேரம் மாறினால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று, ஐந்து மாதமாக நடுத் தூக்கத்தில் எழுந்து எங்களோடு கால் மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டு, மறுபடி தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருக்கிறாய். உன்னை நான்தான் தூங்கவிடாமல் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உன் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, பெண்ணே. டீ நேரத்தை மாத்திட்டாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சாயங்காலம் வரை காத்திருக்க மாட்டேனா? உடனே நம்பியிருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் காத்திருந்திருப்பேன்.

போன மாதம் நீ ஓட்டுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி தூணில் லேசாக உரசிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய், தூண்தான் வழியில வந்து நிக்குது என்று வேறு சொன்னாய். உன் அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. உன் வண்டி ஒரு டன் சுமையை மூன்று ஆள் உயரத்துக்குத் தூக்கும், கீழே பெட்டி எண்ணுகிற பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள் என்று நீதான் முதல் மாதம் பெருமையாகச் சொன்னாய். அன்றைக்குத் தூணாக இருந்தது. அது எத்தனை மணிக்கு நடந்தது என்று நீ சொல்லவில்லை, நான் சொல்கிறேன், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். எப்படித் தெரியும் என்றால், அது என் மணி.

இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன் அக்கா பிறந்து மூன்று மாதம். நாங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம், எனக்கு அப்போது தொடர்ந்து ராத்திரி. பகலில் குழந்தையைப் பார்க்க ஆள் மாற்றி ஆள் வருவார்கள். வருகிறவர்களுக்கு முன்னால் ஆம்பிளை வெளிச்சத்தில் குறட்டை விட்டுக் கிடக்கிறானே என்று பேச்சு வந்துவிடும் என்று, கதவு தட்டுகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வாங்க வாங்க என்று உட்காருவேன். ஒன்பது நாள் அப்படி. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். பத்தாவது நாள் விடிகாலை, பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கண் திறந்துதான் இருந்தது. கண்ணாடியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது தண்ணீர் என்பது மட்டும் மூளைக்குப் போகவில்லை. கீழே, கீழே, கடைசியில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் இல்லாத பாய்லர் எரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், பக்கத்துக் கொட்டகையில் பதினாறு பேர் வேலையில் இருந்தார்கள். கரி தள்ளுகிறவனைக் குருவி என்று கூப்பிடுவோம், ஒல்லியாக, ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். அவன்தான் பார்த்தான். என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, அடுப்பு வாயைத் திறந்து, நீளக் கொக்கியால் எரிகிற கரி முழுவதையும் தரையில் இழுத்துப் போட்டான். பாய்லர் பிழைத்தது, நாங்கள் எல்லாரும் பிழைத்தோம், அவனுடைய இடது பாதம் வெந்துபோனது.

போர்மேன் வந்து விசாரித்தபோது குருவி, கால் தடுக்கிடுச்சு சார், என் மேலதான் தப்பு என்றான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதக் குழந்தை, வேலை போய்விடும் என்ற பயம், என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லவில்லை என்பதுதான் விஷயம். அவனைக் கேட் வேலைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் ஷிப்டுக்கு வரும்போதெல்லாம் நொண்டிக்கொண்டே வந்து கேட்டைத் திறந்துவிட்டு, என்னண்ணே, முழிச்சிருக்கீங்களா என்று கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் கவனக்குறைவானவன் என்று இன்று வரை உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் சொல்லிவைத்ததுதான். ராத்திரி வேலைக்குப் போகாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியது உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் மேல் நம்பிக்கை இல்லாமல் வாங்கியது. என் ரத்தம்தானே உனக்கும், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்குவாயோ என்று. நான் வந்தவர்களுக்கு முகம் காட்ட எழுந்தேன், நீ எங்களுக்குக் குரல் காட்ட எழுகிறாய், இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொல்வதைக் கேள், இது ஊசி தட்டிப் பார்த்துச் சொல்வது. குருவிக்கு அப்படி ஆன பிறகு நான் பகல் தூக்கத்தை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன், அதற்கப்புறம் ஒரு நாள்கூடக் கண்ணாடி முன்னால் அசந்ததில்லை. வேலை விட்டு வரும்போது காலை வெயிலைக் கண்ணில் வாங்காதே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், இல்லாவிட்டால் துணியையாவது நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொள், வெயில் கண்ணில் பட்டதும் உடம்பு விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும், அப்புறம் நீ சொன்னால் கேட்காது. வழியில் காய்கறி வாங்குகிறேன், துணி துவைக்கிறேன் என்று இழுக்காதே, நேராகப் போய்க் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் படு. ஷிப்டில் பாதிக்கு மேல் டீயும் காபியும் தொடாதே, அது ராத்திரிக்கு உதவுகிற மாதிரி நடித்துவிட்டுப் பகலில் கழுத்தைப் பிடிக்கும். ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியது சரியான காரியம், அதைப் பற்றி நான் கிண்டல் செய்ததை மறந்துவிடு, நான் கோணி அடித்து வைத்திருந்தேன். பக்கத்து அறைக்காரர்களிடம் நான் பகலில் தூங்குகிறவள் என்று வாய்விட்டுச் சொல், அதில் என்ன வெட்கம். விடுமுறை நாளில் ஒரேயடியாகப் பகல்காரியாக மாறிவிடாதே, பாதி தூரம் மட்டும் வா, விடிகாலை படுத்து மத்தியானம் எழு, அப்போதுதான் மறுபடி ராத்திரிக்குத் திரும்பும்போது உடம்பு முரண்டு பிடிக்காது. ஏழு நாளுக்கு ஒரு தடவை ஷிப்டை மாற்றுகிறார்களா, இல்லை எப்போதும் ராத்திரிதானா, அதை நீ எனக்குச் சொல்ல வேண்டும். மாற்றுகிறார்கள் என்றால் காலை, அப்புறம் மாலை, அப்புறம் ராத்திரி என்று முன்னால் நகர்கிற மாதிரி கேட்டு வாங்கு. பின்னால் நகர்த்துகிறவன் ராத்திரி வேலையே பார்க்காதவன், அவன் போடுகிற பட்டியலை நம்பாதே. முக்கியமாக, வண்டியில் உட்கார்ந்து ஒரே இடத்தை இரண்டாவது தடவை பார்க்கிற மாதிரி தோன்றினால் சாவியை எடுத்துவிட்டு இறங்கிவிடு. யார் திட்டினாலும் இறங்கிவிடு. சீட்டைக் கிழித்தாலும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், கீழே நடக்கிற பெண்ணுக்குக் கால் போனால் நீ அவளைத் தினமும் கேட்டில் பார்க்க வேண்டியிருக்கும்.

உன் அம்மாவிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். தினமும் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஜெராக்ஸ் கடையில் உட்காரப் போகிறேன், சின்னவள் பதினொரு மணிக்குப் பேசினால் எனக்குக் கிடைக்காது, அதனால் இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசச் சொல்லப் போகிறேன் என்று. எழுத்துத் தெரியாத மனுஷனுக்கு ஜெராக்ஸ் கடையில என்ன வேலை என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நேற்று நான் கிளம்பியதும் மாடியிலிருந்து உன் அக்காவைப் பின்னால் அனுப்பியிருக்கிறாள், அவள் எதிர்க் கடையில் சோப்பு வாங்குகிற மாதிரி அரைமணி நேரம் நின்றாள், ஒரு சோப்பு. நம் வீட்டில் சந்தேகப்படுகிற பழக்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் அம்மாவிடம் ராத்திரி ஷிப்டைப் பற்றி நீயே சொல், லீவில் வரும்போது நேரில் சொல், போனில் வேண்டாம், அவள் அழுதால் நீ பக்கத்தில் இருக்க வேண்டும். குருவியைப் பற்றி அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அதை உன் தலையில் கட்டவில்லை.

என் கையில் அடித்துச் செய்த சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். இனி அது உன்மேல் இல்லை. ராத்திரி வேலை பிடித்திருந்தால் பார், பிடிக்கவில்லை என்றால் விடு, இரண்டுக்கும் எனக்குப் பயந்து பொய் சொல்லாதே. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து பதினொரு மணிக்குப் போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து அடிக்கவிடுவேன், உன் அம்மா கையையும் பிடித்துக்கொள்வேன். இதற்குப் பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, கவர் பின்னால் இருக்கிற கடை விலாசத்துக்கு எழுது, இந்த அம்மா படித்துக் காட்டும், ஒரு வரி விடாமல் படிக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகத் தூங்கு, நூறு வருஷம் நன்றாக இரு. இதைப் படித்து முடித்ததும் போனைத் தூக்காதே. முதலில் மணி என்ன என்று பார். காலையாக இருந்தால் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொள். சாயங்காலம் பேசலாம்.

இப்படிக்கு,
உன் தூக்கத்தைக் கெடுத்த அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)